காட்டெருமை முட்டிய கார், கேஷ்லெஸ் கிளெய்ம்: கோத்தகிரியிலிருந்து ஒரு விமர்சனம்

ரோட்டோரம் நிறுத்தியிருக்கும் காரைக் காட்டெருமை முட்டினால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்குமா? எங்கள் ஊர் டீக்கடையில் இதைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. எவ்வளவு கிடைத்தது, அதில் உண்மையில் கையில் நின்றது எவ்வளவு, அந்தக் கம்பெனியின் சேவை எப்படி என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். பச்சைத் தேயிலை விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கினாலும் வாசலில் ஆள் வந்து நிற்கும் இடம் அது. அதனால் எந்தப் பில்லையும் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் உண்டு.

கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தனியார் கம்பெனி, ஆப் இருக்கிறது, கிரிக்கெட் மேட்ச் நடுவே விளம்பரம் வருகிறது. இந்த அடையாளத்தில் நாலைந்து கம்பெனிகள் உண்டு, பரவாயில்லை.

வண்டி மாருதி வேகன் ஆர், 1.2 லிட்டர், டி.என். 43 பதிவு, வாங்கி மூன்று வருடம் முடிந்து நான்காவது நடக்கிறது. ஃபுல் இன்ஷூரன்ஸ்தான். ஆனால் பம்பர் டு பம்பர் என்று சொல்கிற ஜீரோ டிப்ரிசியேஷன், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் வசதி, சேர்க்கவில்லை. வீடு கோத்தகிரியில் டானிங்டன் பக்கம். மலையில் பாதி வீடுகளைப் போல எங்கள் வீடும் ரோட்டுக்குக் கீழே, படியிறங்கிப் போக வேண்டும். கார் மேலே ரோட்டோரம்தான் நிற்கும். ஷெட் கட்டச் சமதளம் கிடையாது.

மே மாதக் கடைசி. முந்தின நாள் சாயங்காலம் நல்ல கோடை மழை. விடியற்காலையில் நாய்கள் குரைத்த சத்தம் கேட்டது, எங்கள் பகுதியில் அது தினமும் கேட்கிற சத்தம் என்பதால் யாரும் எழுந்து பார்க்கவில்லை. காலையில் மேலே போனால் இடது பின் கதவில் கொம்பு பாய்ந்த ஓட்டை, அந்தக் கதவின் கண்ணாடி சுக்கல், முன் கதவு உள்வாங்கி இருக்கிறது, சைடு மிரர் ஒயரில் தொங்குகிறது, பின் பம்பரில் விரிசல். எதிர்வீட்டு அண்ணன் தன் கேமராவைப் போட்டுக் காட்டினார். பெரிய ஆண் காட்டெருமை, தனியாக வந்தது. அது கோபத்தில் முட்டவில்லை என்பது அவர் வாதம். நாய்கள் விரட்டியதும் காருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே புகுந்து, திரும்ப இடமில்லாமல் தலையை ஆட்டியிருக்கிறது. ஒரு டன் வரை எடை வளரும் மிருகம் தலையை ஆட்டினால் இப்படித்தான் ஆகும். வீடியோவைத் திரும்பப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காட்டெருமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் மேல் வருத்தப்பட்டாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஃபுல் இன்ஷூரன்ஸ் என்கிற கார் பேக்கேஜ் பாலிசியின் முதல் பகுதியில் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் இருக்கும். தீ, இடி மின்னல், திருட்டு, கலவரம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, உறைபனி, நிலச்சரிவு, பாறை உருண்டு விழுவது, வெளிக்காரணத்தால் நடக்கும் விபத்து. நீலகிரிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது. மிருகம் என்று தனியாக எதுவும் இல்லை, அது வெளிக்காரண விபத்துக்குள் வந்துவிடும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பைசாவும் கிடையாது. எங்கள் தெருவில் அப்படி வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

ஆப்பில் கிளெய்ம் பதிவு செய்வது சுலபம் என்று விளம்பரம் சொல்கிறது. பாலிசி நம்பர், வண்டி நம்பர், போட்டோ வரைக்கும் சுலபம்தான். அதற்குப் பிறகு எப்படிச் சேதமானது என்று ஒரு பட்டியல் வந்தது. மற்றொரு வண்டியோடு மோதல், நிலையான பொருள் மீது மோதல், திருட்டு, தீ, இயற்கைச் சீற்றம். காட்டெருமை மற்றொரு வண்டியும் இல்லை, நிலையான பொருளும் இல்லை. கடைசியில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். தமிழில் பேச ஒரு பெண் கிடைத்தார், மரியாதையாகப் பேசினார், ஆனால் திரையில் இருப்பதைத் தாண்டிப் போக அவரால் முடியவில்லை.

"எதிர் வண்டி நம்பர் சொல்லுங்க மேடம்."

"எதிர் வண்டி இல்லைங்க. காட்டெருமை."

"சரிங்க மேடம். அதோட ஓனர் டீடெயில்ஸ் இருக்கா?"

காட்டுக்குச் சொந்தக்காரர் தமிழ்நாடு அரசு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த கேள்வி, சம்பவத்தின்போது வண்டியை ஓட்டியவர் யார், லைசென்ஸ் நம்பர் என்ன. நின்றிருந்த வண்டி என்றேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதாம். கடைசியாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவரின் லைசென்ஸைக் கொடுங்கள் என்றார். என் கணவர்தான் நிறுத்தினார், அவருடையதைக் கொடுத்தேன். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். யார் நிறுத்தினாரோ அவர் பெயரையே கொடுங்கள், கிளெய்ம் ஃபாரத்தில் ஒன்று, போனில் ஒன்று என்று மாற்றிச் சொல்லிவிட்டால் பிறகு விளக்கம் சொல்லியே அலுத்துப்போகும். சம்பவ விவரம் எழுதும் இடத்தில், "நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வாகனத்தைக் காட்டெருமை முட்டியது, வாகனத்தில் யாரும் இல்லை" என்று நானே சொல்லி எழுத வைத்தேன். பின்னால் அந்த ஒரு வரிதான் உதவியது.

இங்கே எதிர்வீட்டு அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவருக்கு இன்ஷூரன்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் வனத்துறையில் வாட்சராக வேலை பார்த்தவர். காரைத் தொடுவதற்கு முன்னால் சேற்றில் இருந்த குளம்புத் தடத்தின் பக்கத்தில் தன் தீப்பெட்டியை வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். கதவு ஓட்டையின் விளிம்பில் சிக்கியிருந்த முடியைக் காட்டினார். சாணத்தையும் எடுக்கச் சொன்னார். டேப்பை வைத்துத் தரையிலிருந்து ஓட்டை எவ்வளவு உயரம் என்று அளந்து அதையும் படம் எடுத்தோம். கேமரா வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டோம். இந்த வீட்டுக் கேமராக்களில் சில நாளில் பழையது தானாக அழிந்து புதியது ஏறிவிடும். மதியத்துக்குள் மறுபடி மழை வந்து தடமெல்லாம் போய்விட்டது. எல்லா ஆதாரமும் காலை டீக்கு முன்னால் எடுத்ததுதான்.

வனத்துறைக்கும் தகவல் சொன்னோம். வனக்காப்பாளர் வந்து பார்த்தார். வனச்சரக அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொண்டேன். கம்பெனி அதை முதலில் கேட்கவில்லை. ஆனால் அரசு சீல் வைத்த தாள் ஒன்று ஃபைலில் இருப்பது எந்த ஆபீசிலும் நல்லது என்பது என் தொழில் அனுபவம்.

அப்புறம்தான் எஃப்.ஐ.ஆர். தொல்லை. சம்பவம் பதிவாகி ஓரிரு நாளில் ஆப்பில் "ஆவணம் நிலுவை" என்று வந்தது. கேட்டால் எஃப்.ஐ.ஆர். வேண்டுமாம். திருட்டு என்றால் வேண்டும், ஆளுக்கு அடிபட்டால் வேண்டும். காட்டெருமை மேல் யார் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள்? வனத்துறை மனுவின் நகலை ஏற்றினேன். மறுபடி அதே பதில், கூடவே குறிப்பிட்ட தேதிக்குள் தராவிட்டால் கிளெய்ம் மூடப்படும் என்று ஓர் எஸ்.எம்.எஸ். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இதுதான்.

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் மாதம் பொதுக் காப்பீட்டுக்கு ஒரு முதன்மைச் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காகக் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது, கிளெய்முக்குத் தேவையான ஆவணங்களை மட்டும்தான் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்ற கெடுவும் அதில்தான். இதைக் குறிப்பிட்டு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். வனத்துறை மனுவையும் வீடியோவையும் இணைத்தேன். அடுத்தபடி ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவில் புகார் பதிவேன், அதிலும் சரியாகாவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைகேட்பு அதிகாரியான ஆம்பட்ஸ்மனிடம் போவேன் என்று கடைசியில் ஒரு வரி. அதிகம் பேசவில்லை, இவ்வளவுதான். மறுநாளே "ஆவணம் நிலுவை" காணாமல் போய் "சர்வே" என்று மாறிவிட்டது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

இதே கோபத்தில் இருக்கிறவர்களுக்கு: பீமா பரோசாவுக்கு 155255 என்ற எண்ணிலும் பேசலாம். ஆம்பட்ஸ்மனுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பார்த்திருக்க வேண்டும். பதில் வராமல் இருந்தாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோதான் அங்கே எடுப்பார்கள்.

சர்வே வீடியோ காலில் நடந்தது. மோட்டார் கிளெய்மில் இழப்பு 50,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் லைசென்ஸ் வாங்கிய சர்வேயர்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கம்பெனி தன் ஆளையே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். என் கிளெய்ம் அந்த ரகம். மதியம் மூன்று மணிக்கு அழைப்பு. மதியம் மூன்று மணிக்குக் கோத்தகிரியில் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மஞ்சு இறங்கி, கார் இருக்கிற இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. சிக்னல் ஒரு கோடு. படம் உறைந்து உறைந்து வந்தது. ஆனால் மறுமுனையில் இருந்தவர் நல்ல மனிதர். "மேடம், வீடியோ வேண்டாம், நீங்க எடுத்த போட்டோ எல்லாத்தையும் வாட்ஸாப்பில் அனுப்புங்க, கதவு ஓட்டை மட்டும் நாளைக்குக் காலையில வெளிச்சத்துல காட்டுங்க" என்றார். காலையில் காட்டினேன். டேப் வைத்து எடுத்த படத்தைப் பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. வண்டியோ சுவரோ இடித்தால் அந்த உயரத்தில், அப்படி வட்டமான ஓட்டை விழாது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்றார். இந்தக் கிளெய்ம் முழுவதிலும் நல்ல சேவை என்று நான் சொல்லக்கூடியது அந்த ஒருவர்தான். ஆப்புக்கு ஐந்தில் ஒன்று. போன் சேவைக்கு இரண்டு. அவருக்கு ஐந்தும்.

அடுத்தது ஒர்க்‌ஷாப். கம்பெனியே நேராகப் பில் கட்டும் கேஷ்லெஸ் வேண்டும் என்றால் அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். என் பாலிசிக்கு ஆப் காட்டிய மிக அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் கோவை மேட்டுப்பாளையம் ரோட்டில். மேப்பில் நேர்கோடு போட்டுத் தூரத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள். நேர்கோட்டில் போகக் காட்டெருமையாலும் முடியாது. ரோட்டில் மேட்டுப்பாளையம் வரைக்குமே முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலை இறக்கம், அதற்கப்புறம் கோவைக்கு அதே அளவு.

பாலிசியோடு ரோடு சைடு அசிஸ்டன்ஸும் வாங்கியிருந்தேன். கேட்டுப் பார்த்தேன். என்ஜின் ஓடுகிறதா என்றார்கள். ஓடுகிறது. அப்படியானால் நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாமே என்றார்கள். இடது மிரர் இல்லை, பின் கதவில் கண்ணாடி இல்லை, மலை ரோடு என்றேன். சரி, இழுவை வண்டி அனுப்புகிறோம், 50 கிலோமீட்டர் வரை இலவசம், மேலே போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, வண்டி கீழிருந்து வர வேண்டும், நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்துவிட்டு வருவார்கள், நேரம் சொல்ல முடியாது. மாலையானால் குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கும், பலாப்பழக் காலம் தொடங்கிவிட்டது. இதையெல்லாம் யோசித்து, கதவுக்குப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, அதிகாலையில் என் கணவரே ஓட்டிக்கொண்டு போனார். நான் இடது பக்கம் உட்கார்ந்து மிரர் வேலை பார்த்தேன். அரவேணு தாண்டும்போதே ஷீட் படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்தச் சேவையில் என் பெரிய குறை இதுதான். பிரீமியம் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்குகிறார்கள். ஆனால் பட்டியல், இழுவை வண்டி, வீடியோ கால் எல்லாமே கீழே இருக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. மலையில் இருப்பவர் பாலிசி வாங்குவதற்கு முன் ஐ.டி.வி., அதாவது வண்டிக்குக் கம்பெனி போடும் மதிப்பு, எவ்வளவு என்று கேட்பதைவிட, என் ஊரிலிருந்து மிக அருகிலுள்ள கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப் எது என்று கேட்பது முக்கியம். ஊட்டியிலோ குன்னூரிலோ பட்டியலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. அடுத்த வருடம் எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர் ஒரு தம்பி, சுறுசுறுப்பு. காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வலது பக்கம் இருந்த பழைய கீறல்களைக் காட்டி, "இதையும் சேர்த்துப் போட்டுடலாம் அக்கா, ஒரே கிளெய்ம்ல முடிஞ்சிடும்" என்றார். அது சந்தையில் யாரோ ஸ்கூட்டரில் உரசியது. ஒவ்வொரு சம்பவமும் தனிக் கிளெய்ம், தனித்தனியாக டிடக்டபிள், அதாவது நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை, பிடிக்க வேண்டும். காட்டெருமை ஒரே நேரத்தில் காரின் இரண்டு பக்கமும் முட்டியது என்று எழுதினால் அந்த நல்ல மனிதர் என்ன நினைப்பார்? வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். இப்படிச் சேர்த்துப் போடுவது பலருக்கும் பழக்கம், எல்லோருடைய பிரீமியமும் ஏன் ஏறுகிறது என்று பிறகு எல்லோரும் சேர்ந்து ஆச்சரியப்படுவோம்.

இனி பில். எல்லாம் ஜி.எஸ்.டி. சேர்த்து. பின் கதவு புதியது 10,400. கண்ணாடி 1,600. சைடு மிரர் 2,600. பின் பம்பர் 3,200. முன் கதவு டிங்கரிங், மற்றதைக் கழற்றி மாட்டும் கூலி 7,200. பெயிண்டிங் 14,000. மொத்தம் 39,000. இதுபோக கிளிப், சீலன்ட் போன்ற சில்லறைச் சாமான் 450, அது பாலிசியில் வராது.

இதில் கம்பெனி எப்படிக் கழிக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் சண்டை போடுவது இங்கேதான், ஆனால் இந்தப் பகுதி நேர்மையாக நடந்தது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி தேய்மானம். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. இரும்புத் தகட்டுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து ஏறும், மூன்றிலிருந்து நான்கு வருடத்துக்குள் என்றால் 25 சதவீதம். கதவுக்கு 2,600, மிரருக்கு 1,300, பம்பருக்கு 1,600 போய்விட்டது. பெயிண்டிங்கில் மொத்தத் தொகையில் கால் பங்கைப் பெயிண்ட் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,750. கூலிக்குக் கழிவு இல்லை. ஆக தேய்மானம் மட்டும் 7,250. 1,500 சிசிக்குள் இருக்கும் காருக்குக் கட்டாய டிடக்டபிள் 1,000. பழைய கதவை ஒர்க்‌ஷாப்பே வைத்துக்கொண்டதற்கு அதன் பழைய இரும்பு மதிப்பாக சால்வேஜ் என்று 400. கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்தது 30,350. நான் கட்டியது 9,100.

ஜீரோ டிப்ரிசியேஷன் இருந்திருந்தால் அந்த 7,250 எனக்கு மிச்சம் என்று தம்பி சொன்னார். உண்மைதான். ஆனால் அதற்கு வருடத்துக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கேட்டார்கள், நான்கு வருடம் கட்டியிருந்தால் 8,000க்கு மேல். அதனால் அந்த வருத்தம் எனக்கு இல்லை.

வேறொரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மூன்று வருடம் கிளெய்ம் இல்லாததால் எனக்கு நோ கிளெய்ம் போனஸ் என்கிற பிரீமியத் தள்ளுபடி 35 சதவீதம் இருந்தது. அடுத்த வருடம் 45, அதற்கடுத்து 50 ஆகியிருக்கும். இப்போது பூஜ்யம், மறுபடி 20, 25, 35, 45 என்று படியேற வேண்டும். என் வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியம், போனஸ் கழிப்பதற்கு முன், சுமார் 7,000. அது அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் கூடுதலாக 3,150, அதற்கடுத்து 2,100, பிறகு 1,750, 1,050, 350. மொத்தம் 8,400. வண்டிக்கு வயதாக ஆகப் பிரீமியம் குறையும், ஆகவே இது கொஞ்சம் கூடுதலான மதிப்பீடுதான். இருந்தாலும் 9,100 இல்லை, 17,500 தான் என் கையிலிருந்து போகிறது. பெட்ரோல், பஸ், கோவையில் சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்னொரு 2,000.

எங்கள் ஊர் டிங்கர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கிளெய்ம் போடும் முன் அவரிடமும் காட்டியிருந்தேன். பழைய கதவையே தட்டி நிமிர்த்தி, ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசி, இரண்டு கதவும் பெயிண்ட், கண்ணாடியும் மிரரும் வெளி மார்க்கெட்டில் வாங்கிப் போட்டு, பம்பரை ஒட்டி, 22,000 சொன்னார். ஆக 19,500க்கும் 22,000க்கும் வித்தியாசம் 2,500. கம்பெனி எனக்காகச் செலவழித்த 30,350 ரூபாயில் எனக்கு லாபமாக நின்றது அவ்வளவுதான். அதற்காக ஒரு வாரத்துக்கு மேல் கார் இல்லாமல் இருந்தேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கூட்டத்தில் நின்றுகொண்டு மலையேறினேன்.

அப்படியானால் கிளெய்ம் போட்டது வீணா? என் கதையில் வீண் இல்லை. காரணம் அந்த ஓட்டை. மஞ்சும் ஈரமும் வருடத்தில் பாதி நாள் இருக்கிற ஊரில், வெல்டிங் வைத்துப் பட்டி பூசிய தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்பளம் விடும். டிங்கர் அண்ணனே அதை மறைக்கவில்லை, "புதுக் கதவு கிடைச்சா அதைப் போட்டுக்கோங்கம்மா" என்றார். எனக்கு 2,500 ரூபாயும் ஒரு புதுக் கதவும் லாபம். ஓட்டை விழாமல் வெறும் நசுங்கலாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவரிடமே விட்டிருப்பேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் காரை மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டியில் யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். பம்பரும் ஒரு விளக்கும், 6,000 ரூபாய் வேலை. கிளெய்ம் போடட்டுமா என்று கேட்டாள். பிளாஸ்டிக்குக்குப் பாதி போய், டிடக்டபிள் 1,000 போய், மிச்சத்துக்காக 45 சதவீத போனஸை விடுவதா? வேண்டாம் என்று சொன்னேன்.

டெலிவரி எடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், வேலை திருப்தியாக முடிந்தது என்று எழுதிய வவுச்சர். கார் அப்போது வாட்டர் வாஷில் இருந்தது. காரைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். தம்பிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, ஆனால் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. பின் கதவு முன் கதவைவிட ஒரு நூல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கீல் தளர்த்திச் சரி செய்து கொடுத்தார்கள். நிறம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது, வெயிலில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. பெயிண்டிங்குக்கு முழு மார்க்.

மலையேறி வந்து முதல் பெரிய மழையில் புதுக் கதவின் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. போன் செய்தால், கொண்டு வாருங்கள், வாரண்டியில் பார்த்துத் தருகிறோம் என்கிறார்கள். கோவைக்கு. டிங்கர் அண்ணன் ரப்பரைக் கழற்றித் திருப்பி மாட்டி, ஓரத்தில் ஏதோ பசை தடவி, 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.